சக்கரம் மாத்திப் போட்ட காதை

முப்பத்தைந்து குதிரைகளை ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, அவற்றுக்குப் புல்லுக்குப் பதிலாக டீசலைப் புகட்டி, ஏம்பலம் தொட்டுப் பாகூர் ஏரிக்கரை ஈறாகப் புகைக்கொடி பறக்க வலம் வரும் தேர்ப்பாகன். கரும்புத் தோட்டத்தின் காவலன். கழனிச் சேற்றைக் கலக்கிய காலன். காதிலே பீடியும் கழுத்திலே துண்டும் தரித்தோன். கண்ணையன் என்னும் திருப்பெயரோன் நீடு வாழ்க. அவன் அமர்ந்தருளும் கிழிந்த சீட்டு வாழ்க. அக்கிழிசலை உலகறியாமல் மறைத்துக் காக்கும் யூரியாச் சாக்கு வாழ்க. ஒரு காலத்தில் சிவப்பாயிருந்து, வெயிலில் வெளுத்து, இப்போது இன்ன நிறமென்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத அவனது டிராக்டரும் வாழ்க.

நட்டுகளின் இண்டு இடுக்குகளில் குடியிருந்து, போட்ட பிடியை விடாது காத்தருளும் துருவென்னும் தெய்வமே, இந்தக் காதை முடியும் வரையிலாவது கையைச் சற்றுத் தளர்த்துவாயாக. நீ தளர்த்தாவிட்டால் எம் தலைவன் கெட்ட வார்த்தை பேசுவான். அதைச் செய்யுள் நடையில் எழுதும் ஆற்றல் எமக்கில்லை.

நிற்க. போர் நடந்த களத்தை முதலில் சொல்ல வேண்டும். அது ஒரு மலை. மலையென்றதும் மேகம் தவழும் சிகரத்தையும் அருவி பாயும் சாரலையும் எண்ணி ஏமாற வேண்டாம். புதுச்சேரியின் கிராமங்கள் தோசைக்கல்லைப் போலத் தட்டையானவை. அந்தத் தட்டை நாட்டிலே, ஏம்பலத்துக்குக் கிழக்கே, செம்மண் ஒருமுறை மூச்சை இழுத்து விம்மி, திரும்ப விட மறந்துவிட்டதைப் போல ஒரு மேடு உண்டு. உச்சியில் நின்றால் அடிவாரத்துத் தென்னையின் குருத்து கண்ணுக்கு நேராகத் தெரியும், அவ்வளவுதான் உயரம். ஆனாலும் பிறந்தது முதல் வேறு மேட்டைக் காணாத ஊராருக்கு அது மலை. மாடு மேய்க்கப் போனாலும் மலைக்குப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். திருபுவனைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வெளியூர்க்காரன் ஒருவன், மலை பார்க்கும் ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த மலையின் உச்சியிலேயே நின்றுகொண்டு, மலை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனான்.

இம்மலைக்கு உடையவள் சின்னபொண்ணு, கண்ணையனின் மனைவி. அவள் அப்பா சொத்தைப் பிரித்தபோது வாய்க்கால் பாயும் நஞ்சை முழுவதும் அண்ணன் அரங்கநாதனுக்குப் போயிற்று. பெண்ணுக்கும் பங்கு கொடுத்தாயிற்று என்று ஊர் சொல்ல வேண்டுமல்லவா, அதற்காக மலையைத் தூக்கி மகளுக்குக் கொடுத்தார்கள். தண்ணீரும் ஏறாத நிலம், வண்டியும் ஏறாத நிலம். வானம் மனம் வைத்தால் மல்லாட்டை போடலாம். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அதற்கும் யாராவது உழுது தர வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய புது வண்டி அரங்கநாதனிடம் இருந்தது. தங்கைக்காக அவன் உழுது கொடுத்தான். உழுததற்காகப் பாதி மல்லாட்டையை ஏற்றிக்கொண்டும் போனான்.

பாதி போனதைக்கூடச் சின்னபொண்ணு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சென்ற கோடையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "நம்ம மலையில இந்த வாட்டி எள்ளு போட்டுப் பாக்கலாம்னு கீறேன்" என்று அண்ணன் யாரிடமோ சொன்னது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. அந்த 'நம்ம' அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அண்ணன் கெட்டவன் அல்லன். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அடித்துப் பிடுங்குகிறவனோடு சண்டை போடலாம். அன்பாக உழுது கொடுத்து உழுது கொடுத்தே நிலத்தைத் தன்னதாக்கிக்கொள்கிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

எம் தலைவன் வாளாவிருந்தானா என்றால், இல்லை. சென்ற ஆண்டே படையெடுத்தான். செருக்களம் புகும் யானையெனத் தன் தேரை மலைச்சரிவில் குறுக்காகச் செலுத்தினான். பாதித் தூரத்தில் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் மண்ணை விட்டு மெல்ல எழும்பி, ஆகாயத்தில் நின்று, சும்மா சுற்றத் தொடங்கியது. வண்டி ஒற்றைக்காலில் தவமிருந்தது. எம் தலைவன் புறமுதுகிட்டான் என்று சொல்லமாட்டோம். சீட்டிலிருந்து முன்முகமாகவே குதித்தான். குதித்த இடத்தில் கள்ளி இருந்தது என்பதும், முள்ளை எடுக்கச் சின்னபொண்ணுக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று என்பதும் பகைவர் பரப்பிய செய்தி. ஆனால் உண்மை. அந்தச் சக்கரம் தரையிலிருந்து எழும்பியதை ரோட்டிலிருந்து பார்த்தவள் சின்னபொண்ணு. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

இவ்வாறு ஓராண்டு கழிய, ஆனி மாதக் கடைசியில் ஒரு மழை பெய்தது. இராத்திரி முழுதும் பெய்தது. செம்மண்ணின் ஈரம் வந்த விருந்தாளியைப் போல. இருந்து சாப்பிடு என்றாலும் நிற்காது. இன்று உழவில்லை என்றால் நாளை மறுநாள் மண் ஓடாய்க் காய்ந்துவிடும். விடிந்ததும் அரங்கநாதன் போன் செய்து, "நாளைக்குக் காலைல வண்டிய எட்டாந்து ஓட்டிவுட்டுர்றேன் மாப்ள, நீ ஒண்ணும் அலட்டிக்காத" என்று அபயம் அளித்தான். கண்ணையன் போனை வைத்ததும் சின்னபொண்ணு அடுப்படியிலிருந்து வெளியே வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, தன் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"இன்னிக்கு மலைய நாமதான் ஓட்டறோம். எங்கண்ணன் வண்டி இன்னொரு வாட்டி அதுல ஏறுச்சின்னா அப்பறம் அது என் நெலம்னு நான் எந்த வாயால சொல்றது? ஆனா ஒண்ணு, வண்டி கவுந்து உங்களுக்கு எதாச்சும் ஆச்சின்னா எனக்கு அந்த நெலமும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். ரெண்டுக்கும் நடுவுல இன்னா வழின்னு பாருங்க."

நிலமும் வேண்டும், புருஷனும் வேண்டும். ஒன்றைத் தாரைவார்த்து மற்றொன்றைக் காத்தவர்களின் கதைகள் நாட்டில் ஏராளம். இரண்டையும் கேட்ட சின்னபொண்ணுவின் முன்னே எம் தலைவன் தலைசொறிந்து நின்றான். பிறகு திருபுவனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பிரிட்டோவை அழைத்தான். இயந்திர நாடியறிந்த பிரிட்டோ, பின்னணியில் யாரோ தகரத்தைத் தட்டும் முழவோசை அதிர, போனிலேயே அருள்வாக்குச் சொன்னான்.

"அண்ணே, உங்க வண்டி கால ஒடுக்கி வெச்சிக்கினு நிக்குது. அதான் மேட்டுல ஆடுது. கால அகட்டி வெச்சா ஆடாது. பின்சக்கரம் நடுவுல தட்டு வெளிய பொடச்சிக்கினு இருக்குது பாருங்க, அது உள்ள போற மாதிரி ரெண்டையும் மாத்திப் போடுங்க. டயரு தானா வெளிய தள்ளி வந்துரும். முன்னாடி அச்சுல போல்ட்டக் கழட்டி ரெண்டு பக்கமும் ஓட்டை தள்ளி மாட்டுங்க. அவ்ளோதாண்ணே, கல்லு மாதிரி நிக்கும்."

இங்கே தேர் சற்று நிற்கட்டும். 'மாத்திப் போடு' என்ற இச்சிறு சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் உண்டு. சட்டையை மாத்திப் போட்டிருக்கிறாய் என்று ஒருவனிடம் சொன்னால், உள்பக்கம் வெளியே தெரிகிறது என்று பொருள். செருப்பை மாத்திப் போட்டிருக்கிறாய் என்று சொன்னால், இடதுகால் செருப்பு வலதிலும் வலதுகால் செருப்பு இடதிலும் கிடக்கிறது என்று பொருள். பிரிட்டோ செருப்பைச் சொன்னான். கண்ணையன் சட்டையைக் கேட்டான். பெரும் போர்களுக்கெல்லாம் இதைவிடப் பெரிய காரணம் இருந்திருக்கும் என்று எமக்குத் தோன்றவில்லை.

தார் ரோட்டோரத்தில் ஊருக்குப் பொதுவான நெற்களம் ஒன்று சிமெண்டில் பரந்து கிடந்தது. அங்கே தேர் நிறுத்தப்பட்டது. துணைக்கு வந்தவன் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துச் செல்லப்பன். ஏம்பலத்திலேயே பெரிய ஜாக்கிக்குச் சொந்தக்காரன். கேட்டவர்க்கு ஜாக்கியையும், கேளாதார்க்கு யோசனையையும் வாரி வழங்கும் வள்ளல். முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, பின் அச்சுக்கடியில் ஜாக்கியை நிறுத்தி, கைப்பிடியை அவன் ஏற்றி இறக்க, நிறமறியாப் பெருந்தேர் முக்கி முனகி ஒருபக்கமாய் உயர்ந்தது.

அடுத்து நிகழ்ந்தது நட்டுப் போர். துருவென்னும் கவசம் பூண்டு, காலமெல்லாம் கரும்புச் சோகையும் களிமண்ணும் அப்பி, இடம் பெயராமை என்னும் ஒரே அறத்தைக் கைக்கொண்டு நின்ற அந்த நட்டு வீரர்களின் மேல் எம் தலைவன் ஸ்பேனர் தொடுத்தான். அசையவில்லை. ஸ்பேனரின் நுனியில் நீண்ட குழாயைச் செருகி நெம்பினான். குழாய் வளைந்ததே தவிர நட்டு வளையவில்லை. டீசல் அபிஷேகம் செய்தான். பீடி ஒன்று பற்றவைக்கப் போனவனைச் செல்லப்பன் கையைப் பிடித்துத் தடுத்து, இந்த வரலாறு பாதியிலேயே எரிந்து முடியாதபடி காத்தான். பின்னர்ச் செல்லப்பன் தானே குழாயின் நுனியில் ஏறி நின்று, இருகால் கூட்டிக் குதித்தான். கீச்சென்று ஓர் ஓலம் எழுந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்தன. முதல் நட்டு தன் பிடியை விட்டது. மற்றவை தலைவனை இழந்த சேனையாய் ஒவ்வொன்றாகச் சரணடைந்தன.

ஆளுயரச் சக்கரம் அச்சை விட்டு இறங்கியது. இருவரும் அதைத் தாங்கி, நிறுத்தி, அப்படியே அந்த இடத்திலேயே, நாட்டியக்காரியைப் போல ஒரு சுற்றுச் சுற்றி, உள்முகம் வெளியே வருமாறு திருப்பி, அதே பக்கத்து அச்சிலேயே ஏற்றினார்கள். புடைத்திருந்த தட்டு உள்ளே குழிந்தது. டயர் வெளியே தள்ளி வந்தது. எதிர்ப்பக்கத்துக்கும் அதே மரியாதை நடந்தது. முன்னச்சும் இழுத்து அகட்டப்பட்டது. முடிவில், குளத்தங்கரையில் துணி துவைக்கக் குனிந்தவரைப் போலக் காலை விரித்து நின்றது வண்டி. கண்ணையன் எட்ட நின்று பார்த்தான். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. போனில் பிரிட்டோ கேட்டான்.

"மாத்திப் போட்டீங்களாண்ணே?"

"ரெண்டையும் மாத்திப் போட்டாச்சுப்பா."

"தட்டு உள்ள போயிருச்சா?"

"போயிருச்சு."

"அப்பறம் இன்னா, கெளம்புங்க."

இரண்டு மனிதர்கள் இவ்வளவு ஒருமனதாய் இரு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டது அந்தக் கொம்யூன் பஞ்சாயத்து எல்லையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். செல்லப்பன் தன் தோட்டத்துக்கு விடைபெற்றுப் போக, கண்ணையன் தார் ரோட்டில் கொஞ்சம் போய், மலைக்குப் பிரியும் செம்மண் பாதையில் தனியனாய்த் திரும்பினான். மழையில் நனைந்து மாவாய்ப் பிசைந்து கிடந்த அப்பாதையில் புதுத்தடம் பதிய, ஏர்க்கலப்பைகள் பின்னே கிணுகிணுக்க, புகைக்கொடி உயர, எம் தலைவன் மலை நோக்கிச் சென்ற காட்சியைக் கண்டவர்கள் ஓர் ஓணானும் இரண்டு ஆடுகளும் மட்டுமே.

சரிவில் வண்டி ஏறியது. கண்ணையன் கள்ளிச்செடி இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஆனால், என்ன வியப்பு, ஆட்டமில்லை, அசைவில்லை. நான்கு சக்கரமும் மண்ணைக் கவ்வி நின்றன. உட்கார்ந்த இடத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்தால்கூடச் சிந்தாது. தலைவன் வெற்றிப் புன்னகை பூத்தான். புன்னகையோடு கலப்பையை இறக்கினான். இறக்கியதும் வண்டி நின்றது.

கியரைக் குறைத்தான், நின்றது. விசையைக் கூட்டினான், சக்கரங்கள் சுற்றின, வண்டி நின்றது. டயரில் உழவர்கள் காது என்று சொல்லும் ரப்பர்ப் பட்டைகள் மண்ணைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பதிலாக, மண்ணை வாரித் தம் இடுக்குகளில் அப்பிக்கொண்டு, சற்று நேரத்தில் டயர் என்பதே தெரியாமல் இரண்டு பெரிய செம்மண் உருண்டைகளாகிவிட்டன. வழுவழுவென்று அவை சுழன்ற இடத்தில் குழி விழுந்தது. கண்ணையன் பின்வாங்கினான், வேறு வழியாக ஏறினான், சறுக்கி இறங்கினான், மீண்டும் ஏறினான். கவிழவே மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்த வண்டி, உழவும் மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. சூரியன் உச்சிக்கு வந்தான். மண்ணின் மேல்தோல் வெளுக்கத் தொடங்கியது. பசி வயிற்றைக் கிள்ளியது. சோறு வரும் நேரம். சோறு வரவில்லை.

சோறு வராத வரலாறு பின்வருமாறு. தூக்கில் சோறும் கருவாட்டுக் குழம்புமாகச் சின்னபொண்ணு உரிய நேரத்தில் புறப்படத்தான் செய்தாள். நெற்களத்தில் வண்டி இல்லை. தார் ரோட்டிலிருந்து செம்மண் பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் கீழே தடத்தைப் பார்த்தாள். டிராக்டர்த் தடத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. அது காக்கையின் காலடியைப் போன்றது. விரல்கள் எந்தப் பக்கம் விரிந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம் வண்டி போயிருக்கிறது. இந்தத் தடத்தில் விரல்கள் ரோட்டைப் பார்த்து விரிந்திருந்தன. ஆக, வண்டி மலையிலிருந்து வந்து ரோட்டில் ஏறிவிட்டது. வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா? அவளுக்கு மனம் நிறைந்துபோனது. டீசல் போடப் போயிருப்பார், வீட்டுக்குத்தானே வருவார் என்று, வந்த வழியே திரும்பி, சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். என் நிலத்தை என் வீட்டு வண்டி உழுதுவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிர்வீட்டில் யாரும் இல்லாததால் கோழியிடம் சொன்னாள்.

நேரம் போனது. வண்டி வரவில்லை. சின்னபொண்ணு யோசித்தாள். மலையிலிருந்து வந்த தடத்தைப் பார்த்தோம், சரி. மலைக்குப் போன தடம் எங்கே? பாதையில் கிடந்தது ஒரே தடம். போகாத வண்டி எப்படித் திரும்பி வந்தது? மலையே ஒரு டிராக்டரைப் பெற்று ரோட்டுக்கு அனுப்பியதா? அவளுக்குத் திடீரென்று, ஆகாயத்தில் சும்மா சுற்றிய அந்தச் சக்கரம் கண்முன் வந்தது. தூக்கை எடுத்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. செருப்பைக்கூடப் போடாமல் நடந்தாள். பாதிக்கு மேல் ஓடினாள்.

பாதையின் வளைவைத் தாண்டியதும், சரிவின் நடுவே, நாலு காலையும் அகட்டிக்கொண்டு வண்டி நிற்பதும், அதன் நிழலில் தலைமுதல் கால்வரை செம்மண் பூசிய ஓர் உருவம் பீடி பிடிப்பதும் தெரிந்தன. அவளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். டயரில் அப்பியிருந்த மண்ணைக் கையால் வழித்து எறிந்தாள். பட்டைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தாள். பாதையில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? முன்னால போனா தடம் பின்னால போவுது."

"பிரிட்டோ சொன்ன மாதிரிதான்டி ரெண்டையும் மாத்திப் போட்டேன்."

"எப்டி மாத்துனீங்க?"

கண்ணையன் தன் சட்டையின் நுனியைப் பிடித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினான். சின்னபொண்ணு அந்தச் சட்டையைப் பார்த்தாள். பின்பு அவன் காலைப் பார்த்தாள். அவனுடைய ரப்பர்ச் செருப்பு இரண்டையும் கழற்றச் சொல்லி, வாரைத் தூக்கிப் பிடித்து, திருப்பாமல் கொள்ளாமல், இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் நேரே நகர்த்தி வைத்தாள். உள்பக்கம் இருந்தது வெளியே போயிற்று. செருப்பின் மூக்கு மட்டும் முன்னைப்போலவே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்டி மாத்தணும். நீங்க அப்டி மாத்திருக்கீங்க. அவன் சொன்னது செருப்ப."

எம் தலைவன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். ஞானம் பிறந்த முகம் வேறு மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம்; அவன் முகம் பசித்த முகமாகவே இருந்தது. சோறு எங்கே என்று கேட்க வாயெடுத்தவன், அவளுடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

வண்டி அடிவாரத்துக்கு இறக்கப்பட்டது. செல்லப்பனும் அவன் ஜாக்கியும் மீண்டும் அழைக்கப்பட்டனர். காலையில்தான் தோற்றுப்போன நட்டுகள் என்பதால் இம்முறை வீரம் காட்டாமல் கழன்று வந்தன. இடம் மாற்ற இரண்டு சக்கரமும் ஒருசேரக் கழன்றாக வேண்டும், அதற்கு வேண்டிய இரண்டாம் ஜாக்கி அரங்கநாதன் வீட்டில்தான் இருந்தது. அதைக் கேட்பதற்குச் சின்னபொண்ணு சம்மதிக்கவில்லை. எனவே அச்சுக்கடியில் கல்லும் கட்டையும் அடுக்கி, ஒரு பக்கத்தைத் தாங்கவிட்டு, மறுபக்கத்தைத் தூக்க, இடச்சக்கரம் வலத்துக்கும் வலச்சக்கரம் இடத்துக்கும் வண்டியைச் சுற்றி உருண்டு இடம் மாறின. உருட்டியவர்களில் ஒருத்தி சின்னபொண்ணு. தன் உயரத்தையும் தாண்டிய சக்கரத்தைத் தோள்கொடுத்து அவள் தள்ளிச் சென்றபோது, பாட்டுடைத் தலைவனாக நாம் யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்ற சிறு குழப்பம் எமக்கே ஏற்பட்டது. முதலிலேயே வாழ்த்திவிட்டபடியால் இனி மாற்ற வழியில்லை.

பொழுது சாயத் தொடங்கிய வேளையில் எழுந்தது இறுதிப் போர். வண்டி சரிவில் ஏறியது. கலப்பை இறங்கியது. பட்டைகள் மண்ணைப் பிடித்தன, தள்ளின, உதறின. வெளுத்த மேல்மண் பிளந்து, உள்ளே ஒளிந்திருந்த ஈரம் கருஞ்சிவப்பாய்ப் புரண்டு மேலே வந்தது. நேராக உச்சிக்கு ஏறி, அங்கிருந்து குறுக்காக, சென்ற ஆண்டு சக்கரம் எழும்பிய அதே சரிவில் வண்டி சென்றது. சின்னபொண்ணு வரப்பில் நின்று மேட்டுப் பக்கத்துச் சக்கரத்தையே இமைக்காமல் பார்த்தாள். அது தரையிலேயே இருந்தது. திரும்பி வந்தபோதும் தரையிலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். முரசு கொட்டுவாரின்றி, சங்கு முழங்குவாரின்றி, மைனாக்கள் மட்டும் பின்தொடர, சால்மேல் சாலாக, அன்றைய தினம் அந்த மலை முழுவதும் உழுது முடிக்கப்பட்டது.

மலை அடிவாரத்துக்கு அரங்கநாதன் பைக்கில் வந்து நின்றது கடைசிச் சாலின்போது. உழுத மண்ணைப் பார்த்தான். அகன்று நின்ற வண்டியைப் பார்த்தான். "பரவால்லியே மாப்ள, நல்லா ஆழமா ஓட்டிருக்க" என்றான். அப்புறம், "அப்ப நாளைக்கு எனக்கு வேலையில்ல" என்றான். "இல்லண்ணே" என்றாள் சின்னபொண்ணு, அன்பாகவே. "வூட்டுக்கு வா, குழம்பு இருக்குது, சாப்ட்டுப் போ."

விளக்கெரிய, கொடி பறக்க, சேறு சொட்ட, வென்று மீண்ட வேந்தனாய் எம் தலைவன் தன் தெருவுக்குள் நுழைந்தான். பக்கத்து மட்காட்டில் சின்னபொண்ணு வீற்றிருந்தாள். தெருநாய்கள் எதிர்கொண்டு குரைத்தன. பார்த்தவர்கள் எல்லாம் இன்னாபா வண்டி இப்டி அகண்டு போச்சு என்று வியந்தனர். இவ்வாறு வீதியுலா வந்த தேர், தன் வீட்டு வாசலை அடைந்து, திரும்பி, கேட்டுக்குள் நுழைய முற்பட்டு, நின்றது. இடப்பக்கத்துச் சக்கரம் உள்ளே போகும் நிலையில் இருந்தது. வலப்பக்கத்துச் சக்கரம் தூணை முட்டிக்கொண்டிருந்தது. பின்வாங்கி மறுபடி வந்தான். இப்போது வலது உள்ளே, இடது தூணில். பொங்கலுக்குத்தான் கட்டிய தூண்கள். டைல்ஸ் ஒட்டி, வலப்பக்கத்துத் தூணில் 'கண்ணையன் இல்லம்' என்று கறுப்புக் கல்லில் பொன்னெழுத்துப் பொறித்திருந்தது.

கண்ணையன் இறங்கி, அளந்து பார்த்து, பெருமூச்சு விட்டான். "இன்னிக்கு ரோட்டுல நிக்கட்டும். காலைல செல்லப்பனைக் கூப்ட்டு பழையபடி ஒடுக்கி மாத்திப் போட்டுக்கலாம்" என்றான். களைத்த மனிதன் சொன்ன நியாயமான பேச்சுத்தான் அது.

சின்னபொண்ணு மட்காட்டை விட்டு இறங்கவில்லை. இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஒடுக்கிட்டு? மறுபடி மழ பெஞ்சா மறுபடி அகட்டறதா? ஒரு வருசம் சோம்பலாயிரும், எங்கண்ணனே ஓட்டட்டும்னு வுட்டுருவீங்க. எனக்கு உங்களத் தெரியும். சக்கரத்த மாத்தாதீங்க."

கண்ணையன் வண்டியைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான். மண்ணில் சறுக்கி மானமிழந்து, மீண்டு, மலைகொண்ட மாவீரனின் பெயர் தாங்கி, தெருவிளக்கின் வெளிச்சத்தில் அந்தப் பொன்னெழுத்துகள் தகதகத்து நின்றன. எழுதியவனுக்கு முன்பணம் போக மீதியையும் கொடுத்தாயிற்று. மழை, வெயில், காலம் எதற்கும் அழியாது என்று அவன் கையடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

மறுநாள் காலையில் வலப்பக்கத்துத் தூணை இடித்தார்கள்.